கொடிக்குள் என்ன இருக்கிறது?

கம்பத்தின் உச்சியில் கொடி ஒரு பொட்டலமாக உட்கார்ந்திருந்தது. கயிற்றை இழுத்தேன். அவிழவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். கம்பம்தான் லேசாக ஆடியதே தவிர, பொட்டலம் வாயைத் திறப்பதாக இல்லை.

டெக்சஸ் மாநிலம், இர்விங். அமெரிக்க சுதந்திர தினம். காலை வெயில் அதற்குள் பிடரியைச் சுட்டுக்கொண்டிருந்தது. எங்கள் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தை ஒட்டிய புல்தரையில் குடியிருப்பவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம் ஆட்கள். மீதிப் பேர் அந்த ஊர்க்காரர்கள். எல்லார் கையிலும் காகித டம்ளரில் எலுமிச்சை ஜூஸ். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கம்பத்தடியில் நின்ற ஒரே ஆள் நான்.

முன்வரிசையில் நின்ற ஹேங்க் அண்ணாந்து பார்த்தார். எதிர்வீட்டுக்காரர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கொடியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மேடம், அதுக்குள்ள என்ன வெச்சிருக்கீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அவர் கேட்டதும், பின்னால் நின்ற ஒரு பெண்மணி தன் குழந்தையின் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரும் நகர்ந்தார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கம்பத்தைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகிவிட்டது.

நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தனவே, அந்த செப்டம்பருக்கு அடுத்து வந்த கோடை அது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கொடி டீச்சர்

இந்த இடத்தில் கம்பத்தடியில் என்னை அப்படியே நிற்கவிட்டு, கொஞ்சம் நாகூருக்குப் போய்விட்டு வருவோம். கொடிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று தெரிந்தால்தான் மேலே படிக்க ருசியாக இருக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். மூன்றாம் வகுப்பு. சம்பளத்தோடு சேர்த்து என் தலையில் கட்டப்பட்ட இன்னொரு வேலை, ஆகஸ்ட் பதினைந்துக்கும் ஜனவரி இருபத்தாறுக்கும் கொடி கட்டுவது. பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் இதைச் சொல்லித் தெரிய வேண்டாம். கதர்க் கொடியை மடித்து, நடுவில் உதிரிப் பூவை அள்ளி வைத்து, பொட்டலமாகச் சுருட்டி, கயிற்றை உருவுசுருக்காகப் போட வேண்டும். சிறப்பு விருந்தினர் வந்து கீழிருந்து ஒரு இழு இழுத்தால், மேலே கொடி விரிந்து பூ கொட்ட வேண்டும். பூ கொட்டினால்தான் கைதட்டல். கைதட்டல் முடிந்தால்தான் ஆரஞ்சு மிட்டாய்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் எத்தனை கொடிகள் எத்தனை கவுன்சிலர்களின் மானத்தை வாங்கியிருக்கின்றன! எனக்கு முன்னால் இருந்த டீச்சர் கட்டிய கொடி ஒருமுறை அவிழாமல் மல்லுக்கு நிற்க, விளையாட்டு வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பத்தில் ஏற, பிள்ளைகள் அதற்குத்தான் பலமாகக் கை தட்டினார்கள். அன்றோடு பொறுப்பு என்னிடம் வந்தது. நான் கட்டிய கொடி யாரிடமும் முரண்டு பிடித்ததில்லை. தலைமையாசிரியர் எனக்கு வைத்த பெயரே கொடி டீச்சர்.

பூ இல்லாமல் கொடி ஏற்றுவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. உப்பில்லாத பிரியாணி அது.

அப்புறம் ஜமால் மச்சானைக் கட்டிக்கொண்டு ஜெர்சி சிட்டிக்கு வந்தேன். கணவனின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் வேலைக்குப் போகக் கூடாது என்பது சட்டம். கொடி டீச்சர் வீட்டில் உட்கார்ந்தாள். மகள் நிலோஃபர் அங்கேதான் பிறந்தாள். மச்சான் தினமும் ஜர்னல் ஸ்கொயரில் ரயில் ஏறி, பின்னால் விழுந்த அந்தக் கோபுரங்களுக்கு அடியில்தான் இறங்கி வேலைக்குப் போவார். டெக்சசில் வேறு கான்ட்ராக்ட் கிடைத்து நாங்கள் இர்விங் வந்து கொஞ்ச காலம் கழித்துத்தான் அது நடந்தது. அன்றைக்கு முழுக்க அவர் டிவி முன்னால் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். “அந்த எஸ்கலேட்டர்ல டெய்லி போவேன் ஹமீதா” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் அழுதோம். ஆனால் எங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

வெங்காய வாசனை

அடுத்த வாரமே ஊரெல்லாம் கொடி முளைத்தது. கார் ஜன்னலில் கொடி, பெட்ரோல் பங்கில் கொடி, இந்திய மளிகைக் கடைக் கதவில் பாகற்காய் வந்துவிட்டது என்ற அறிவிப்புக்கு மேலே கொடி. நம் ஆட்களின் கார்களில் மற்றவர்களை விட ஒரு கொடி கூடுதலாகவே பறந்தது. எதற்கு என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் அபார்ட்மென்ட் மேனேஜர் லிண்டா நல்லவள்தான். ஆனால் எல்லார் வீட்டு பால்கனியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் கனவு. துணி காயப் போடக் கூடாது, பாய் உதறிப் போடக் கூடாது, தின்பண்டம் எதையும் வெயிலில் வைக்கக் கூடாது. செப்டம்பருக்குப் பிறகு ஒரே ஒரு விலக்கு கொடுத்தாள். தேசியக் கொடி மட்டும் தொங்கவிடலாம்.

மச்சான் அன்று சாயங்காலமே போய், ஜமுக்காளம் அளவுக்கு ஒரு கொடியை வாங்கி வந்துவிட்டார்.

“என்னா மச்சான் இது, பால்கனியே காணாமப் போயிடும் போலிருக்கே?”

“பெருசா இருக்கட்டும் ஹமீதா. ரோட்லேருந்து பாத்தாலே தெரியணும்.”

அவர் கவலை அவருக்கு. எனக்கோ அந்தக் கொடியைப் பார்த்ததும் வேறு யோசனை வந்தது. அவ்வளவு பெரிய கொடிக்குப் பின்னால் என்ன வைத்தாலும் லிண்டாவின் கண்ணுக்குத் தெரியாது அல்லவா? சின்ன வெங்காயம் கிடைக்காத ஊரில் பெரிய வெங்காயத்தை நறுக்கி, கடுகு, உளுந்து, சீரகம் சேர்த்துப் பிசைந்து, தாளிப்பு வடகம் உருட்டித் தட்டில் வைத்துக் கொடிக்குப் பின்னால் காயப் போட்டேன். முன்னால் தேசபக்தி, பின்னால் வடகம். டெக்சஸ் வெயிலைச் சும்மா சொல்லக் கூடாது, நாகூர் மொட்டைமாடி தோற்றது.

மாடி வீட்டு ஸ்டெல்லா தூத்துக்குடிக்காரி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள் கீழே நின்றே சத்தம் போட்டாள்.

“யக்கா, ஒங்க வீட்டுக் கொடிலேருந்து வெங்காய வாசன வருது! லிண்டா வர்ற டைம், எடுத்து உள்ள வைங்க!”

காரிலேயே இரு

சிரிப்பாக எழுதிக்கொண்டே போகிறேன். ஆனால் அந்த வருஷம் என்னைச் சிரிக்கவிடாத ஒன்று இருந்தது.

நிலோ அப்போது இரண்டாம் வகுப்பு. மதியம் பள்ளி விடும்போது நான் வாசலில் போய் நிற்பேன். ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள். இலையுதிர் காலத்தில் ஒரு நாள், காரில் ஏறியதும் சீட் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“உம்மா, நாளைலேருந்து யூ ஸ்டே இன் த கார், ஓகே? ஐ வில் கம்.”

அவள் வாயிலிருந்து தமிழ் வருவதே அபூர்வம். கேட்கும்போது தமிழ், பேசும்போது ஆங்கிலம். அன்றைக்கு ‘நாளைலேருந்து’ என்று தமிழில் ஆரம்பித்ததே என் மனசு நோகக் கூடாது என்றுதான் என நினைக்கிறேன். என்ன காரணம் என்று அவள் சொல்லவில்லை. ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கிறாள். உன் அம்மா அந்த ஆட்களைச் சேர்ந்தவளா என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டானாம். என் முக்காட்டை வைத்துத்தான்.

யார் மேல் கோபப்படுவது? அந்தப் பையன் மேலா? ஏழு வயசுப் பிள்ளைக்கு வீட்டில் யாரோ சொல்லித்தானே தெரியும். நிலோ மேலா? முடியுமா? மறுநாளிலிருந்து காரிலேயே இருந்தேன். மச்சானிடம் மூச்சு விடவில்லை. அவர் ஏற்கெனவே அரை ஆளாக இருந்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் நெஞ்சில் கை வைத்து, நாமெல்லாரும் ஒரே தேசம் என்று பிள்ளைகள் உறுதிமொழி சொல்வார்கள். நிலோ அதைக் குளியலறையில்கூடச் சொல்லுவாள். அதே பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு நாள், அவரவர் நாட்டு உடையில் வாருங்கள், அவரவர் நாட்டுப் பலகாரம் கொண்டு வாருங்கள் என்று விழா வைப்பார்கள். என் சமோசாவுக்கு அங்கே அடிதடி. அன்றைக்கு ஒரு நாள் வேறு வேறாக இருந்தால் பாராட்டு. மற்ற நாளெல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தான் நிம்மதி. எந்த நாள் எது என்று பெரியவர்களுக்கே பிடிபடாதபோது, குழந்தை எப்படிக் கண்டுபிடிப்பாள்? முக்காடு போட்டிருக்கும் அம்மாவைக் காரில் வைப்பதுதான் அவளுக்குத் தோன்றிய வழி.

எல்லாம் முறைப்படி

ஜூன் கடைசியில் லிண்டா கதவைத் தட்டினாள். சுதந்திர தினத்துக்கு வருஷா வருஷம் ஹேங்க்தான் கொடி ஏற்றுவார். இந்த வருஷம் அவருக்குத் தோள்பட்டையில் பிரச்சினை. “புதுசா யாராவது ஏத்தட்டும். இங்க இருக்கிற நாம எல்லாரும் ஒண்ணுதான்னு தெரியட்டும். ஜமாலைக் கேட்கலாமா?” என்றாள்.

“ஜமாலுக்கு ஷூ லேஸே கட்டத் தெரியாது. நான் ஏத்துறேன்,” என்றேன். அவளுக்கு என் ஆங்கிலம் புரிந்ததோ இல்லையோ, ஆசை புரிந்துவிட்டது.

உள்ளே திரும்பினால் நிலோ நிற்கிறாள். அவளுடைய சிநேகிதி எமிலியும் அம்மாவோடு விழாவுக்கு வருகிறாளாம். பள்ளிக்கூடத்திலேயே நிலோவுக்கு ஒட்டின ஒரே பிள்ளை அந்த எமிலிதான்.

“ப்ளீஸ் உம்மா, டோன்ட் டூ எனிதிங் வியர்ட்.” வித்தியாசமாக எதையும் செய்துவைக்காதே என்கிறாள்.

“ஒண்ணும் பண்ணமாட்டேம்மா. எல்லாம் மொறப்படி நடக்கும், பாரு.”

நான் பொய் சொல்லவில்லை. முறைப்படிதான் செய்தேன். எந்த ஊர் முறை என்ற கேள்வியே எனக்குள் எழவில்லை. இத்தனை மாசத்துக்குப் பிறகு என் பிள்ளை முன்னால் காரை விட்டு இறங்கி, நிமிர்ந்து நின்று, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையைச் செய்து காட்டப் போகிறேன். அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

விழா அன்று நிலோ எழுந்திருப்பதற்கு முன்பே நானும் ஸ்டெல்லாவும் பூ சேகரித்தோம். கார் நிறுத்தும் இடத்து ஓரத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்துக் கொட்டும் ரோஸ் நிறப் பூ, பெயர் தெரியாது. அதோடு கடையில் வாங்கிய ரோஜாவின் இதழ்கள். ஹேங்க், முக்கோணமாக மடித்த கொடியைக் கைக்குழந்தையைத் தருவது போலத் தந்தார். “தரையில படக் கூடாது,” என்றார். “எனக்குத் தெரியும்,” என்றேன். அவருக்குத் திருப்தி. பழைய ராணுவத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போனார்.

மேசையில் கொடியை விரித்துப் பூவை அள்ளி வைத்தேன்.

ஸ்டெல்லா தயங்கினாள். “யக்கா, இங்க இப்படில்லாம் பண்ணுவாங்களா?”

“கொடின்னா கொடிதானேடி. இதுல இங்க என்னா, அங்க என்னா?”

“அதுவும் சரிதான்,” என்றாள் அந்த மகராசி. சுருட்டினேன், சுருக்கு போட்டேன், மேலே ஏற்றினேன். நம் ஊரில் சணலோ பருத்தியோ, கயிறு சொன்னபடி கேட்கும். இது வழவழவென்று நைலான். ஏற்றும்போதே சுருக்கு இறுகிப் போனது எனக்குத் தெரியவில்லை.

வட்டம்

சரி, கம்பத்தடிக்கு வந்துவிட்டோம்.

“ஃப்ளவர்ஸ். ஒன்லி ஃப்ளவர்ஸ்,” என்றேன்.

“கொடிக்குள்ள எதுக்குப் பூ?” என்று யாரோ கேட்டார்கள். நியாயமான கேள்விதான். லிண்டா கையில் போனை எடுத்து வைத்துக்கொண்டு, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றாள். மச்சான் என் பக்கத்தில் வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

“எறக்கிடு ஹமீதா. ப்ளீஸ். நமக்கு எந்தப் பிரச்சினையும் வேணாம்.”

“பூன்னு சொல்றேன்ல மச்சான்? அப்பறம் எதுக்கு எறக்கணும்?”

“நீ சொல்ற. அவங்க நம்பணுமே.”

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. இத்தனை நாள் இவர்கள் துணி காயப் போடாதே என்றபோது போடவில்லை. முறைத்துப் பார்த்தபோது திருப்பி முறைக்கவில்லை. காரை விட்டுக்கூட இறங்காமல் இருந்தேன். பூ என்று சொன்னால் பூ என்று நம்பக்கூட ஆளில்லையா? கயிற்றை விடவும் முடியவில்லை, இழுக்கவும் கை வரவில்லை.

கண் நிலோவைத் தேடியது. வட்டத்துக்கு வெளியே, எமிலிக்குப் பக்கத்தில், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எமிலியின் அம்மா எமிலியின் கையைப் பிடித்துப் பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தாள். நிலோ அதைப் பார்த்தாள். எதைச் செய்துவிடாதே என்று குழந்தை கெஞ்சினாளோ அதை ஊரைக் கூட்டிவைத்துச் செய்துவிட்டேன். இருந்த ஒரு சிநேகிதியும் போகிறாள்.

நிலோ நிமிர்ந்தாள். மூக்கு விடைத்திருந்தது. கோபம் வந்தால் எனக்கும் அப்படித்தான் ஆகும். யார் முகத்தையும் பார்க்காமல் காலி வட்டத்துக்குள் விடுவிடுவென்று நடந்து வந்தாள். பொட்டலத்துக்கு நேர் கீழே வந்து நின்றுகொண்டு, தலையை அண்ணாந்தாள்.

“நிலோ, இங்க வா!” என்று மச்சான் கத்தினார்.

அவள் அசையவில்லை. “புல் இட், உம்மா,” என்றாள். இழு என்கிறாள்.

கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, என் எடை முழுவதையும் போட்டு இழுத்தேன். சுருக்கு விட்டுக்கொடுத்தது. கொடி படாரென்று விரிந்தது. பூ மொத்தமும் அவள் முகத்தில் கொட்டியது. வாய்க்குள் போன ஒரு இதழைத் தூவென்று துப்பினாள்.

எமிலி தன் அம்மாவின் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் பின்னால் மற்ற பிள்ளைகள். புல்லில் கிடந்த பூவை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் போட்டுக்கொண்டார்கள். குழந்தையின் தோளைப் பிடித்து இழுத்தாளே, அந்தப் பெண்மணி, அவள் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பலமாகக் கைதட்டினாள். ஹேங்க் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். எல்லாரும் தேசிய கீதம் பாடினோம். எனக்குப் பாதிதான் தெரியும். மீதிக்கு வாயசைத்தேன்.

பாட்டு முடிந்ததும் ஹேங்க் நேராக என்னிடம் வந்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“கொடிக்குள்ள எதையும் வைக்கக் கூடாது. அது விதி. கொடி ஒண்ணும் பை இல்ல.”

“எங்க ஊர்ல பூ இல்லாம ஏத்தினா அதுதான் மரியாதைக் குறைச்சல்.”

“இது உங்க ஊர் இல்லையே, மேடம்.”

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. “என் ஊர் இல்லாம இருக்கலாம். இவ பொறந்தது ஜெர்சி சிட்டி. இவ ஊர் எது?” என்று நிலோவைக் காட்டிக் கேட்டேன்.

அவர் கொடியைப் பார்த்தார். புல்லில் உருண்டுகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார். “அடுத்த வருஷம் பிள்ளைங்க கையில பூவை வெச்சுக்கட்டும். கொடி மேல போகும்போது தூவட்டும். கொடிக்குள்ள மட்டும் வேண்டாம்,” என்றார். நான் யோசிப்பது போலப் பாவனை செய்துவிட்டுச் சரி என்றேன். நாங்கள் அந்த அபார்ட்மென்டில் இருந்த வரைக்கும் அப்படித்தான் நடந்தது.

அதோடு அவர் போயிருக்கலாம். போகவில்லை. நிலோவின் முன்னால் மெல்லக் குனிந்தார்.

“நாங்க இத்தனை பெரியவங்க பின்னாடி போனோம். உள்ள என்ன இருக்குன்னு உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?”

நிலோ அவரை, இது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தாள்.

“மை மாம் செட் ஃப்ளவர்ஸ்.” எங்கம்மா பூ என்று சொன்னாளே.

சொல்லிவிட்டுக் கையை நீட்டி என்னைக் காட்டினாள். எமிலி, எமிலியின் அம்மா, லிண்டா, எல்லாரும் அவள் விரல் போன திசையில் திரும்பினார்கள். அங்கே முக்காடும் வேர்வையுமாக நான்தான் நின்றிருந்தேன்.